கோணலாகக் கட்டிய கம்பி

கொக்குவிலில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: “மாமா வீட்டுக் கலியாணத்துக்குச் சென்னை போனனாங்கள். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போற புது ஏசி மின்சார ரயிலிலை ஏறினனான். தாம்பரம் ஸ்டேஷனிலை நிண்டு அண்ணாந்து பாத்தால் மேலை இருக்கிற கம்பி நேராய் இல்லை. ஒரு தூணிலை இடப்பக்கம் தள்ளிக் கிடக்கு, அடுத்த தூணிலை வலப்பக்கம். ரயில் நேராய்த்தானே போகுது சேர், கம்பியை ஏன் கோணலாய்க் கட்டியிருக்கினம்?”

இந்தக் கேள்வியை வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கம்பியின் கீழ் அன்றாடம் இலட்சக்கணக்கானோர் போய் வருகிறார்கள். அண்ணாந்து பார்த்து, பார்த்ததை நம்பி, ஏன் என்று கேட்டவர் இந்தப் பிள்ளை.

அவர் ஏறிய ரயில் 2025 ஏப்ரல் 19 அன்று சேவைக்கு வந்தது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. காங்கேசன்துறை உத்தரதேவி ரயிலில் 2019 இல் ஓடத் தொடங்கிய புதிய பெட்டிகளும் அதே தொழிற்சாலையில் பிறந்தவைதான். ஆனால் உத்தரதேவி டீசலில் ஓடுவது. மின்சாரக் கோச்சி இலங்கையில் இன்னும் ஓடவில்லை.

இதன் அடிப்படை, பாடசாலையில் படித்ததுதான். மேலே கம்பியில் 25,000 வோல்ற் ஆடலோட்டம். ரயிலுக்குள் ஒரு நிலைமாற்றி அதைக் குறைக்கிறது, மோட்டர்கள் சில்லைச் சுழற்றுகின்றன, மின்னோட்டம் சில்லு வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகிறது. அதனால்தான் மேலே ஒற்றைக் கம்பி போதுமாக இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டர்கள் மின்பிறப்பாக்கியாகி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும். கனடாவிலிருந்து 1954 முதல் வந்த நமது எம்2 எஞ்சின்களிலும் சில்லைச் சுழற்றுவது மின்மோட்டர்தான். டீசல் எஞ்சின் அதற்கு மின்சாரம் பிறப்பித்துக் கொடுக்கிறது. மின்சார ரயில் அந்தப் பிறப்பாக்கியைத் தூக்கிச் சுமக்காமல் மின்நிலையத்திலேயே விட்டுவிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு, நிற்கின்ற ஒன்றிலிருந்து, ஒரு கணமும் விடாமல் மின்சாரம் கொடுப்பது எப்படி? என்னை மயக்குவது இந்த இடம்தான்.

கொழும்பில் 1960 வரை மின்சார ட்ராம் ஓடியது. அதன் முதுகிலிருந்து ஒரு நீண்ட தடி கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். தடியின் நுனிதான் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெதுவாகப் போகும் ட்ராமுக்கு அது சரி, வேகம் கூடினால் நுனி கழன்றுவிடும். ரயிலுக்கு வேறு வழி கண்டார்கள். கூரைமேல் மடங்கி நிமிரும் ஒரு சட்டம், அதன் உச்சியில் குறுக்காகக் காபன் பட்டை. இதைப் பான்டோகிராப் என்பார்கள். இது கம்பியைப் பிடிப்பதில்லை. ஏறக்குறைய 7 கிலோ எடையளவு விசையோடு கீழிருந்து மெல்ல அழுத்தி உரசிக்கொண்டே போகிறது.

இனி எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வாருங்கள். கப்பி உடைந்துபோய்ச் சில வருடம் திருத்தாமல் கிடந்தது. வாளிக் கயிற்றைக் கிணற்றுக்கட்டின் விளிம்பில் வைத்துத்தான் இழுப்போம். அந்த விளிம்பில் இன்றும் ஒரு தடம் இருக்கிறது. சுண்டுவிரலை வைத்தால் பாதி புதையும். உள்ளே தடவிப் பார்த்தால் கண்ணாடி போல வழுவழுப்பு. தும்புக் கயிறு சீமெந்தை அறுத்த தடம் அது. அம்மம்மா சத்தம் போடுவா: “ஒரே இடத்திலை வைச்சு இழுக்காதை மோனை, அங்காலை தள்ளி நிண்டு அள்ளு!”

மாணவரின் கேள்விக்கு விடை அம்மம்மாவின் அந்தச் சொல்தான்.

கம்பி தண்டவாளத்தின் நடுவே நேராகப் போனால், காபன் பட்டையை எப்போதும் ஒரே புள்ளியில் உரசும். சில நாளில் அங்கே பள்ளம் விழும். பள்ளத்துக்குள் கம்பி சிக்கினால் பட்டை உடையும், கம்பியும் அறுந்து விழும். ஆகவே நேரான பாதையில் ஒரு தூணில் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் இடப்பக்கமும், அடுத்த தூணில் 20 சென்ரிமீற்றர் வலப்பக்கமும் வேண்டுமென்றே இழுத்துக் கட்டுகிறார்கள். தூணுக்குத் தூண் சுமார் 60 மீற்றர். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் போனால் மூன்று செக்கனுக்குள் ஒரு தூண் கடந்துவிடும். அந்த நேரத்துக்குள் கம்பி பட்டையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 40 சென்ரிமீற்றர் வழுக்கி வந்துவிடும், வயலின் தந்திமேல் வில் போவதுபோல. தேய்மானம் முழுப் பட்டைக்கும் பகிரப்படுகிறது.

எது தேய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். கம்பி வன்செம்பு, பட்டை அதைவிட மென்மையான காபன். பென்சில் கரியின் உறவு என்பதால் தானே மசகாகவும் இருக்கும். பட்டையைப் பணிமனையில் சிறிது நேரத்தில் மாற்றிவிடலாம். கிலோமீற்றர் கணக்கில் தொங்கும் கம்பியை அப்படி மாற்ற முடியுமா?

கம்பி தொய்யவும் கூடாது. இரண்டு தூணுக்கிடையே எந்தக் கம்பியும் தொய்யும், உடுப்புக் காயப்போடும் கொடி தொய்வதுபோல. அதனால் மேலே ஒரு கம்பியைத் தொய்ய விட்டு, அதிலிருந்து நீளம் வேறுவேறான சிறு தொங்கிகளால் கீழ்க்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நடுவில் குட்டைத் தொங்கி, தூணருகே நெட்டைத் தொங்கி. கீழ்க்கம்பியின் இரு பக்கவாட்டிலும் தவாளிப்பு உண்டு, தொங்கியின் கவ்வி அங்கே பிடித்துக்கொள்ளும். பட்டை உரசும் அடிப்புறம் தடங்கலின்றி இருக்கும்.

பிறகு வெயில். செம்பு ஒரு பாகை வெப்பம் கூடினால் மீற்றருக்கு 17 மைக்ரோமீற்றர் நீளும். 750 மீற்றர் கம்பி, விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் 25 பாகை வித்தியாசம் என்றால், 32 சென்ரிமீற்றர். இதை ஈடுகட்டக் கம்பியின் அந்தத்தில் கப்பி வைத்து எடைக்கட்டிகளைத் தொங்கவிடுகிறார்கள். மூன்று மடங்கு கப்பியில் ஏறத்தாழ 665 கிலோ தொங்கினால் மேலும் கீழுமான இரு கம்பிகளுக்கும் சேர்த்து 2,000 கிலோ இழுவை கிடைக்கும். கம்பி நீள நீள எடை இறங்கும், கம்பி குறுகக் குறுக ஏறும். கம்பி நீளுவதைப்போல் மூன்று மடங்கு எடை அசையும் என்பதால், காலையில் பார்த்த எடை நண்பகலில் ஏறத்தாழ ஒரு மீற்றர் கீழே நிற்கும்! மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். துலாவின் பின்னந்தலையில் கல்லுக் கட்டி நீர் இறைத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அடுத்தமுறை சென்னை போகிறவர்கள் தாம்பரத்தில் அந்த எடைகளைத் தேடிப் பாருங்கள்.

புதிய ரயில் சேவைக்கு வருமுன் பயணிகளுக்குப் பதில் மணல்மூட்டை ஏற்றி ஓட்டி, அதிர்வையும் பிரேக் தூரத்தையும் அளப்பார்கள். மோட்டர்களின் மின்னலைகள் சிக்னலைக் குழப்புகின்றனவா என்றும் பார்ப்பார்கள். ரயிலுக்குத் தேங்காய் உடைப்பதில் எனக்கு மறுப்பில்லை, உழைத்தவர்களின் மகிழ்ச்சி அது. ஆனால் சுபநேரம் பார்த்துப் பொதுச் சேவைகளைத் தொடக்கும் நம் நாட்டு வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சோதனை முடிந்து பொறியியலாளர் கையொப்பமிட்ட நேரமே நல்ல நேரம். சுபநேரத்துக்காகச் சோதனையை அவசரப்படுத்தவும் கூடாது, முடிந்தபின் மக்களைக் காக்கவைக்கவும் கூடாது.

நம் வடக்கு ரயில் பாதையில் கம்பி வந்தால் முதல் எதிரி ஆனையிறவின் உப்புக் காற்று. கம்பியைத் தூணிலிருந்து பிரித்து வைப்பது காவலி. அதன் மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து போகும் வழி நீளமாக இருக்கட்டும் என்றே அடுக்கடுக்காகப் பாவாடை போன்ற விளிம்புகள் வைத்திருக்கிறார்கள். அதில் உப்புப் படிந்து விடியற்காலைப் பனியும் சேர்ந்தால் அந்த ஈரத்தோலே கடத்தியாகிவிடும், தூணுக்குப் பொறி பாயும். எத்தனை நாளில் எவ்வளவு உப்புப் படிகிறது என்பது இந்த மண்ணில் நின்று அளக்க வேண்டியது. இங்கிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இப்படியான சிறு ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். கம்பி கட்ட முடிவான பிறகு தொடங்கினால் காலம் போதாது.

கேள்வி கேட்ட மாணவருக்கு: தொடங்கப் பீடமும் தேவையில்லை. பழைய பீங்கான் காவலி ஒன்றைத் தேடி எடுங்கள். சோளகம் தொடங்கும் வைகாசியில் வெளிக்களத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மாதத்துக்கொரு தடவை காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அந்த நீரின் கடத்துதிறனைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஐப்பசி மழை வந்தால் உப்பைக் கழுவிவிடும், அதற்கு முன் கடைசி அளவை எடுத்துவிடுங்கள்.