க்ளாஷ் ஜீரோ ஆகிவிட்டால் போதுமா?

"க்ளாஷ் ரிப்போர்ட் ஜீரோ ஆயிடுச்சு சார், மாடல் ரெடி." பிம், அதாவது கட்டடத்தை அதன் தகவல்களோடு முப்பரிமாணக் கணினி மாடலாக உருவாக்கும் முறை; அதன் ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் இதைக் கேட்காத வாரமே இல்லை. க்ளாஷ் என்றால் மாடலில் ஒரு பொருள் இன்னொன்றில் இடிப்பது. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், எம்.இ.பி. (ஏ.சி., மின்சாரம், குழாய் வேலைகள்) மாடல்களை நேவிஸ்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் ஒன்றாக ஏற்றி, டக்ட் (ஏ.சி. காற்றுக்குழாய்) பீமில் இடிக்கிறதா, பைப் கேபிள் ட்ரேயில் இடிக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது அவசியமான வேலைதான். ஆனால் அது வடிவத்தை மட்டுமே சோதிக்கிறது. உள்ளே எழுதியிருக்கும் தகவல் ஒத்துப்போகிறதா என்று அந்த ரிப்போர்ட்டால் சொல்ல முடியாது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைத் திட்டத்தில் ஆர்க்கிடெக்ட் மாடலில் சுவர்களின் தீத்தாங்கும் நேரம் பல விதமாக எழுதப்பட்டிருந்தது. சில சுவர்களில் "120". சிலவற்றில் "2 மணி". இன்னும் சிலவற்றில் அந்தக் கட்டமே காலி. சுவர் வகையின் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டிருந்தார்கள். படித்துப் பார்க்கும் மனிதருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஏ.சி. குழு "120" என்று ஃபில்டர் போட்டு, அதில் வந்த சுவர்களைக் கடக்கும் டக்ட்களுக்கு மட்டும் ஃபயர் டேம்பர் (தீப்பிடித்தால் டக்ட்டை மூடிவிடும் தடுப்பு) வைத்தது. மற்ற சுவர்களில் டக்ட் போக ஓப்பனிங் சரியாகவே விடப்பட்டிருந்ததால் எதுவும் எதிலும் இடிக்கவில்லை. ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. டேம்பர் இல்லாத அந்த டக்ட்கள் அப்படியே கட்டப்பட்டிருந்தால், தீப்பிடிக்கும்போது நெருப்பும் புகையும் அடுத்த வார்டுக்குப் போக வழி திறந்தே இருந்திருக்கும். எழுந்து ஓட முடியாத நோயாளிகள் இருக்கிற கட்டடம் அது.

மாடல்களைப் பரிமாற ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவம் இருக்கிறது, 2013-லேயே ஐ.எஸ்.ஓ. 16739 என்ற முழுத் தரநிலையாகவும் வந்துவிட்டது. சுவரின் தீத்தாங்கும் திறனுக்கு அதில் தனி இடமே உண்டு. ஆனால் அது வெறும் எழுத்துப் புலம், எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். எப்படி எழுதுவது என்பதைத் திட்டக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் கணினியே சரிபார்க்கும் விதியாக எழுதிக்கொள்ள ஐ.டி.எஸ். என்ற தரத்தின் முதல் பதிப்பை ஐ.எஃப்.சி.யை உருவாக்கும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு 2024-இல் வெளியிட்டது. செலவே இல்லாத கருவி, இங்கே இதைப் பயன்படுத்துகிறவர்களை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன்.

அறைகளிலும் இதே கதைதான். ஆர்க்கிடெக்ட் வரைந்த அறை வேறு, ஏ.சி. கணக்குக்காக எம்.இ.பி. குழு ரெவிட் என்ற மாடல் மென்பொருளில் உருவாக்கும் ஸ்பேஸ் வேறு. இரண்டையும் அறை எண்ணை வைத்து இணைக்காவிட்டால், பிரசவ அறை ஐ.சி.யு.வாக மாறியது ஆர்க்கிடெக்ட் மாடலோடு நின்றுவிடும். காற்றின் அளவு பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் லெவல். ஆர்க்கிடெக்ட் டைல்ஸ் மேல்மட்டத்தைச் சொல்வார், ஸ்ட்ரக்சுரல் ஸ்லாப் மேல்மட்டத்தைச் சொல்வார், உயரம் வேறு, ஆனால் இருவர் மாடலிலும் பெயர் "முதல் தளம்" என்றே இருக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்வேன்: சுவரைத் திருத்துவதற்குப் பதில் அழித்துவிட்டுப் புதிதாக வரைவது. ஐ.எஃப்.சி.யில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. அழித்து வரைந்தால் எண் மாறிவிடும். பழைய சுவரின்மேல் பதிந்து வைத்த குறைகள், ஒப்புதல்கள் எல்லாம் ஆளில்லாத முகவரிக்குப் போன கடிதம்தான்.

இந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மென்பொருள்களுக்கிடையே தகவல் சரியாகப் போய்ச் சேராததால் அந்நாட்டுக் கட்டுமானத் துறைக்கு 2002-இல் ஆன இழப்பு 1,580 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர்கள் கட்டடத்தின் உரிமையாளர்களும் அதை நடத்துபவர்களும்.

அதனால் கட்டடம் கட்டிக்கொள்ளும் உரிமையாளர்களிடம் நேரடியாகவே சொல்கிறேன்: எந்தத் தகவல், யார் மாடலில், எந்த எழுத்துமுறையில், திட்டத்தின் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பிம் தகவல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை கேட்பதும் இதைத்தான். சின்னத் திட்டம் என்றால் ஒரே பக்கம்கூடப் போதும். தீத்தாங்கும் நேரம் நிமிடத்தில், வெறும் எண்ணாக. அறை எண் ஆர்க்கிடெக்ட் தருவது மட்டும். லெவல் எந்த மட்டத்தைக் குறிக்கிறது என்பது பெயரிலேயே. முதல் மாடல் வருவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.