விரைப்பைக்குள் ஒரு குளிர்வாய்க்கால்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்: "கல்யாணமாகி நான்கு ஆண்டு. இடது விரையில் நரம்பு சுருண்டிருக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் குழந்தை பிறக்குமா?" மனைவிக்கு எடுத்த ஆறு ஸ்கேன்களை விவரித்திருக்கிறார். தன் விந்தணுப் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. அரச மரத்தைச் சுற்றுவதும் அவள், திருக்கருகாவூர் நெய்யைச் சாப்பிடுவதும் அவள். நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு குப்பியில் முடிகிற சோதனையைக் கணவன் தள்ளிப்போடுவதுதான் எரிச்சல்.

சுருண்டிருப்பது நரம்பல்ல, சிரை; ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய். வேரிகோசீல் என்பார்கள். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தகப்பன்மார்களே.

விந்தணு விளைய உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். விரையை வெளியே தொங்கவிட்டால் மட்டும் போதுமா? இதயத்திலிருந்து வருகிற குழாயான தமனி 37 டிகிரி ரத்தத்தை மேலிருந்து கொண்டுவந்து கொட்டுகிறதே! அதற்குத்தான் இந்த அழகான ஏற்பாடு. தமனியைச் சுற்றிச் சிரைகள் கொடிபோல் பின்னிக் கிடக்கின்றன. சூடான ரத்தம் இறங்குகிறது, ஆறிய ரத்தம் ஏறுகிறது. ரத்தம் கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறுகிறது. விரைக்குப் போய்ச் சேரும்போது தமனி ரத்தம் ஆறியிருக்கும். (யானைக்கு இந்த வம்பே இல்லை. அதன் விரைகள் வயிற்றுக்குள்ளேயே, சிறுநீரகத்தருகே இருக்கின்றன.)

இடது சிரை நீளமானது. சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அதன் வால்வுகள் பழுதானால், கடைமடையில் கதவணை பழுதாகிக் கடல்நீர் ஆற்றில் ஏறுகிற கதைதான். வயிற்றுச் சூட்டோடு ரத்தம் திரும்பி வந்து தேங்கும்.

ஆபரேஷனில் இந்தச் சிரைகளைச் சீர்செய்வதில்லை, கட்டி அடைத்துவிடுகிறார்கள். விந்துக்குழாயை ஒட்டிய சிறு சிரைகள் வடிகாலாகிவிடும். கவட்டருகே சிறு கீறல். வேலை முழுவதும் மைக்ரோஸ்கோப்பில். சிரைகளுக்கு நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் தமனி ஒளிந்திருக்கிறது. டாப்ளர் என்கிற ஒலியலைக் கருவியில் துடிப்பைக் கேட்டுத்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். நிணநீர்க் குழாய்களையும் சேர்த்துக் கட்டிவிட்டால் நீர் கோத்து விரை வீங்கும்.

விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் பிடிக்கும். ஆடுதுறை 43 நெல்லுக்கு 110 நாள் காத்திருக்கிறவர்கள், ஆபரேஷன் முடிந்த மறுமாதமே ரிப்போர்ட்டைத் தேடுகிறார்கள்! மூன்று மாதமாவது போக வேண்டும்.

தொட்டால் தெரிகிற சுருளும் விந்தணுக் குறைபாடும் சேர்ந்திருந்தால்தான் கத்தி. ஸ்கேனில் மட்டும் தெரிகிற சுருளுக்கு வேண்டாம். பலருக்கு எண்ணிக்கை கூடுகிறது. எல்லோருக்கும் குழந்தை தங்குவதில்லை. மனைவியின் வயதையும் வைத்துத்தான் டாக்டரிடம் பேச வேண்டும். அதற்குமுன் மன்னார்குடி அன்பர் அந்தக் குப்பியை வாங்கட்டும். சில வார இடைவெளியில் இரண்டு முறை. ஒரே ஆளுக்கே எண்ணிக்கை முறைக்கு முறை மாறும்.