ஒளிச்சிதைவா, ஒளியாற்பகுப்பா?

நீர்ச் சுத்திகரிப்பு பற்றிய ஒரு கட்டுரையின் மொழிபெயர்ப்பில் 'சல்பைட்டின் ஒளிச்சிதைவு' என்று போட்டிருந்தார்கள். எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒளி பட்டு ஒரு மூலக்கூறு பிரிவதைச் சொல்லும் ஃபோட்டாலிசிஸ் என்ற ஆங்கிலச் சொல் வந்தால் போதும், கை தானாக ஒளிச்சிதைவு என்று எழுதிவிடுகிறது.

சொல்லின் மூலம் எளிதுதான். கிரேக்கத்தில் ஃபோஸ் என்றால் ஒளி, லிசிஸ் என்றால் அவிழ்த்தல். ஹைட்ராலிசிஸ், எலெக்ட்ராலிசிஸ் ஆகியவற்றில் இருப்பதும் இதே லிசிஸ். அவற்றை நீராற்பகுப்பு, மின்னாற்பகுப்பு என்று பாடநூல்களிலேயே படித்திருக்கிறோம். அந்த வரிசையில் இது ஒளியாற்பகுப்பு.

சிதைவு என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் தொட்டால் நொறுங்குகிறதே, அது சிதைவு. ஆனால் நீரில் கரைந்த பெர்சல்பேட்டின் மேல் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி படும்போது, நடுவிலுள்ள ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு மட்டும் அறுகிறது. அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இரண்டு சல்பேட்டுத் தனி உறுப்புகள், அதாவது இணை சேராத எலெக்ட்ரான் உள்ள துண்டுகள், கிடைக்கின்றன. சரிபாதியாகப் பங்கு பிரித்ததைப் போய்ச் சிதைந்தது என்பார்களா?

'சுருக்கமாக ஒளிப்பகுப்பு போதாதா' என்பார்கள். போதாது. ஒளியால் பகுப்பதா, ஒளியைப் பகுப்பதா? முப்பட்டகம் செய்வதும் ஒளிப்பகுப்புதானே! வேற்றுமை உருபை விழுங்கிவிட்டால் இந்த மயக்கம் வரத்தான் செய்யும். 'ஆல்' இருக்கும்போது யார் யாரைப் பிரிக்கிறார் என்பதில் குழப்பமே இல்லை. ஓர் அசை கூடினால் குடி முழுகிவிடாது.

அந்தக் கட்டுரையின் சல்பைட்டுக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், அங்கே என் சொல்லும் சரியாகப் பொருந்தாது. புற ஊதா ஒளியை வாங்கிய சல்பைட்டு ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். கந்தகமும் மூன்று ஆக்சிஜன்களும் சேர்ந்தே இருக்கின்றன. வெளியே வந்த எலெக்ட்ரானை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. 1962-இல் நிறமாலையில் பிடிபட்ட நீரேறிய எலெக்ட்ரான் இதுதான். இதை ஒளியயனியாக்கம் என்று எழுதியிருக்க வேண்டும். கடல்நீரிலுள்ள டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்தின் கதை இன்னும் வேறு. நம்மை வந்தடையும் வெயிலை அது உறிஞ்சுவதே இல்லை. நீரில் கரைந்த கரிமப் பொருள்கள் ஒளியை வாங்கி, அதனால் உண்டாகும் வினைத்திறன் மிக்க பொருள்கள் டைமெத்தில் சல்பைடைத் தாக்குகின்றன. அது ஒளியுணர்த்திய ஆக்சிஜனேற்றம். மூன்று நிகழ்வுக்கும் ஒளிச்சிதைவு என்று ஒரே முத்திரை குத்தினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

இதற்கு மேல் மொழித் தூய்மைப் பிரியர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் 'கந்தகக் கூட்டுப்பொருள்' ஆக்கிவிடுவார். கந்தகம் என்பதே கந்தம், அதாவது மணம் என்ற வடசொல்லின் வழி வந்தது என்பது தனி வேடிக்கை. என்னைக் கேட்டால் சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு அப்படியே இருக்கட்டும். ஒரு டகரம் இரட்டித்தால் மூன்று ஆக்சிஜன் கூடுகிறது. அதையாவது கவனித்து எழுதலாம். அந்தக் கட்டுரையில் ஒரு வரியில் சல்பைட்டு, அடுத்த வரியில் சல்பைடு. வேதி வாய்பாட்டைப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று தெரிந்தது.