வரைபடத்தில் பச்சை, பத்திரத்தில் என்ன?

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் 116 ஏக்கரில் ஒரு பூங்கா இருந்தது என்றால் இன்று நம்பச் சிரமம். 1859-60இல் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெலியன் போட்ட பீப்பிள்ஸ் பார்க் அது. குளங்கள், பாண்டு மேடை, சனங்கள் 'உயிர்க் காலேஜ்' என்றழைத்த மிருகக்காட்சிசாலை எல்லாம் அதற்குள். அதை யாரும் ஒரே மூச்சில் அபகரிக்கவில்லை. விக்டோரியா மண்டபத்துக்கு 57 கிரவுண்டு, 99 ஆண்டுக் குத்தகை. அப்புறம் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, 1993இல் நேரு விளையாட்டரங்கம். எல்லாமே ஊருக்கு வேண்டிய கட்டடங்கள். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. இன்றைக்குக் குடியிருப்புப் பூங்காக்களில் அதே வேலையை நீரேற்று நிலையமும் ரேஷன் கடையும் பிள்ளையார் கோயிலும் செய்கின்றன.

இப்போதைய விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு (ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆகவேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் விட வழியில்லாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000க்குள் கட்டாயமில்லை. ஒதுக்கிய நிலம் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போக வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பத்திரம் பதிவாகிவிடும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வாரிசுகள் பட்டாவைக் காட்டி விற்பார்கள், வாங்குபவரும் பட்டாவை மட்டும் பார்த்து ஏமாறுவார். பழைய லேஅவுட்டுகளில் தானப் பத்திரமே எழுதாமல் விட்டதும் உண்டு.

உங்கள் பகுதிப் பூங்காவைச் சோதிக்க, முதலில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த வரைபட நகலை வாங்குங்கள். விற்பனைக்காரர் அச்சிட்ட வண்ணத்தாளை நம்பவேண்டாம். அதில் எதை வேண்டுமானாலும் பச்சையாக வரையலாம். அங்கீகரித்த வரைபடத்தில் உள்ள சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, உள்ளாட்சிக்கு எழுதிய தானப் பத்திரம் இருக்கிறதா, பரப்பு வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மனைப்பிரிவு உருவான ஆண்டுக்குச் சற்று முன்பிருந்தே தேடுங்கள். பிறகு பட்டா யார் பெயரில் என்று பார்க்கவேண்டும். பெயர் மாறவில்லை என்றால் பத்திர எண்ணைக் குறிப்பிட்டு ஆணையருக்கும் வட்டாட்சியருக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, 30 நாள் கெடு.

கட்டுமானம் தொடங்கிவிட்டால் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெங்களூரில் பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் மனுவில் சேர்க்கலாம்.

கன்று நடுவதற்கு முன் சர்வேயரை வைத்து அளந்து மூலைக்கல் நடச் சொல்லுங்கள். வேலி வந்த பிறகு எல்லைத் தகராறு வந்தால், வேலி பெரும்பாலும் உள்பக்கம்தான் நகரும்.