எத்தியென் பெயருக்குள் மறைந்த 'ஸ்'

"ஸ்டீபனும் எத்தியெனும் ஒரே பெயர் என்கிறார்களே, ஓசையில் ஒற்றுமையே தெரியவில்லையே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே பெயர்தான். கிரேக்கத்தில் 'ஸ்தெபனோஸ்' என்றால் மகுடம். கிறித்தவத்தின் முதல் இரத்தசாட்சியின் பெயர் அது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பொருளைப் பற்றிக்கொண்டு அவரை முடியப்பர் என்கின்றனர். பிரெஞ்சு மக்களோ ஒலியை வைத்துக்கொண்டு, பல நூற்றாண்டுகளில் அதை உருமாற்றிவிட்டனர்.

இலத்தீனின் 'ஸ்தெபனூஸ்' பேச்சுவழக்கில் புழங்கியபோது, சொல்லின் முதலிலேயே இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பது நாவுக்கு இடறியது. எனவே முன்னால் ஓர் உயிர் வந்து சேர்ந்தது. 'எஸ்-தெ' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள்: 'ஸ்' அந்த உயிரோடு ஒட்டி முதல் அசையை முடித்துவைக்க, 'த்' அடுத்த அசையைத் தொடங்குகிறது, இடறல் நீங்கிவிடுகிறது. 'இஸ்கூல்' என்று சொல்லும் நம் பாட்டியின் நாவும் இதையேதான் செய்கிறது. தனிமெய் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம் கண்ட விதி. அதன்படி இயல்பாகப் பேசுபவரைப் படிக்காதவர் என்று நகைப்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. பிரெஞ்சு மொழியில் பள்ளியைக் குறிக்கும் 'எகோல்' பிறந்ததும் இதே வழியில்தான்.

அழுத்தம் பெற்ற 'தெ' பிறகு 'தியெ' ஆனது. பெத்ருஸ் பியேர் ஆனதும் அப்படியே. அழுத்தமற்ற நடுப்பகுதி தேய்ந்து 'எஸ்தியென்' மிஞ்சியது. அடுத்து, அசையின் இறுதியில் நின்ற 'ஸ்' மூச்சொலியாக மெலிந்து, இடைக்காலத்திலேயே பேச்சிலிருந்து மறைந்தது. அதற்கு முன்பே ஆங்கிலம் கடன்வாங்கிக்கொண்டதால்தான் நம் தேயிலை 'எஸ்டேட்'டில் 'ஸ்' இன்னும் ஒலிக்கிறது. அதன் பிரெஞ்சு உடன்பிறப்பு வெறும் 'எத்தா' ஆகிவிட்டது. எழுத்து மட்டும் பேச்சைப் பின்தொடரவில்லை. புதிய ஏற்பாட்டை வசன எண்களோடு 1551-இல் அச்சிட்ட ரொபேர் எத்தியென் தம் பெயரில் அந்த ஒலியாத எழுத்தைச் சேர்த்தே எழுதினார். 1740-இல் வெளிவந்த பிரெஞ்சு அகாதமியின் அகராதி இத்தகைய எழுத்துகள் பலவற்றை நீக்கி, முன்னுள்ள உயிரின் தலையில் குறியிட்டது. எத்தியென் என்பதன் முதலெழுத்தின் மேல் இன்று காணும் சிறு சாய்கோடு, மறைந்த 'ஸ்'ஸின் தடம்.

சேன்-எத்தியென் நகரமும், உயிர்களின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்த எத்தியென்-ழூல் மாரேயும் இந்த வடிவத்தையே தாங்கியுள்ளனர். ஆனால் 1842-இல் எத்தியென் என்று பதிவான கவிஞர் மல்லார்மே, ஸ்தெஃபான் என்ற பெயரால் புகழ்பெற்றார். அதுவும் முடியப்பரின் பெயர்தான். கற்றவர்கள் நூல்வழியே மீண்டும் எடுத்துக்கொண்ட வடிவம். அது வந்து சேர்ந்தபோது முன்னுயிர் சேர்க்கும் பழக்கம் பிரெஞ்சு நாவை விட்டு நீங்கியிருந்ததால், அதன் தொடக்கத்து 'ஸ்' துணையின்றியே நிற்கிறது.