‘மீளுருவாக்கம்’ அல்ல, மீட்பு

பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்று ப்ளூ-ரே வட்டில் வந்துவிட்டால் போதும், சினிமாப் பக்கம் எழுதுவோரும் பண்பலை அறிவிப்பாளர்களும் ஒரே குரலில் ‘மீளுருவாக்கம் செய்யப்பட்டு வெளிவருகிறது’ என்கிறார்கள். இதைக் கேட்ட பையன் ஒருவன், அப்படியானால் புதிதில் யார் யார் நடிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டான். அவனில் என்ன பிழை? உருவாக்கம் என்றால் இல்லாததை உண்டாக்குவது. அதன் முன்னால் ஒரு ‘மீள்’ போட்டால், இருந்ததை விட்டுவிட்டு இன்னொன்றை உண்டாக்குவது என்றுதான் தமிழ் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்வார்.

ஆங்கிலச் சொல் ‘ரீமாஸ்டர்’. தலைவனையும் ஆசானையும் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது மாஸ்டர். ஒலிப்பதிவுத் தொழிலில், மற்றப் படிகள் எல்லாம் எதிலிருந்து எடுக்கப்படுகின்றனவோ அந்தத் தலைப்படிக்கு மாஸ்டர் என்று பெயர். தமிழில் மூலப்படி. முதற் பதிவுக்கே திரும்பிப் போய்ப் புதிய மூலப்படி ஒன்றைத் தயாரிப்பது ரீமாஸ்டர். சொல்லின் பிறப்பு இவ்வளவுதான். ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டரைத் திரும்ப வேலைக்கு எடுப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொழிலைப் பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். 1987 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஓடிய ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. ஆனால் சுருளை வெட்டி ஒட்டித் தொகுக்கவில்லை. எல்லாவற்றையும் வீடியோ நாடாவுக்கு மாற்றி, தொகுப்பையும் விண்கலக் காட்சிகளின் இணைப்பையும் நாடாவிலேயே முடித்தார்கள். ஆகவே முழுமையான தொடர் நாடாவில் மட்டுமே இருந்தது. அந்த நாடாவில் படத்துக்கு 480 வரிகள், ப்ளூ-ரேயில் 1080. நாடாவில் இல்லாத வரிகளை வட்டு எங்கிருந்து கொண்டுவரும்? அதனால் களஞ்சியத்துப் பெட்டிகளைத் திறந்து, மூலச் சுருள்களில் ஒவ்வொரு துண்டையும் தேடிப்பிடித்து, புதிதாக வருடி (ஸ்கேன் செய்து), பழைய தொகுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே ஒழுங்கில் கோத்தார்கள். 2012இல் முதற் பருவம் வட்டில் வந்தது, 2014இல் ஏழாவது. அதே நடிகர்கள், அதே நடிப்பு, அதே வெட்டு. அன்று ஒளிவில்லையில் விழுந்தும் நாடாவுக்கு வராமல் போனது எதுவோ, அதுதான் இப்போது தெரிகிறது. இதில் யார் எதை உருவாக்கினார்கள்?

1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை ஏடுகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். செல்லரித்த சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடம் தீர்மானித்து வெளியிட்டார். அவர் கலித்தொகையை மீளுருவாக்கினார் என்று எவராவது எழுதினால் யாழ்ப்பாணத்தில் கல்லெறி விழும். படச்சுருளுக்கு வந்தவுடன் மட்டும் அந்த வேறுபாடு எங்கே போகிறது?

எதிர்க்கட்சிக்கு ஒரு வாதம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ‘உரு என்றால் படம். நமது பாடநூல்களில் உரு 1, உரு 2 என்று படங்களுக்கு இலக்கம் இடவில்லையா? படத்தை மீண்டும் ஆக்குவது மீளுருவாக்கம்’ என்கிறார்கள். கெட்டித்தனமான வாதம்தான். ஆனால் சொல் வேரில் வாழ்வதில்லை, வழக்கில் வாழ்கிறது. கொள்கை உருவாக்கம், தொழில்வாய்ப்பு உருவாக்கம், குழு உருவாக்கம் என்று நாளாந்தம் வாசிக்கிற ஒருவருக்கு ‘உருவாக்கம்’ என்றதும் படமா நினைவுக்கு வரும்? வேரை விளக்கக் கூடவே ஓர் ஆள் போக வேண்டிய சொல், சொல் அல்ல.

உண்மையான நோய் ‘மீள்’ என்பதில் இருக்கிறது. தமிழகத்தார் மறுவாழ்வு, மறுசுழற்சி என்று ‘மறு’வைப் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் அரச மொழிபெயர்ப்பாளர்கள் ‘மீள்’ என்பதைப் பிடித்தார்கள்: மீள்சுழற்சி, மீள்கட்டமைப்பு, மீள்பார்வை, மீள்குடியேற்றம். ஆங்கிலத்தில் ‘ரீ’ என்ற எழுத்துகளைக் கண்டால் கை தானாகவே ‘மீள்’ என்று தட்டிவிடுகிறது. மீள்தல் என்றால் போனது திரும்பி வருதல். வன்னியில் இருப்பவனுக்கு அந்தச் சொல்லின் எடையை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2012 செப்டெம்பரில், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடியபோது, கேப்பாப்புலவு மக்களை அவர்களுடைய ஊருக்கு விடாமல் சீனியாமோட்டைக் காட்டில் இறக்கினார்கள். அதற்கும் பெயர் மீள்குடியேற்றம். சொந்த மண்ணைக் கேட்டு 2017இல் அவர்கள் வீதியோரம் இருந்தார்கள். திரும்பாதவர்களைத் திரும்பியவர்களாக எழுதப் பழகிய கைக்கு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் பொருள் பிசகுவது பெரிய காரியமாகப் படாது.

புதுச்சொல் என்றாலே எனக்கு ஒவ்வாமை என்று யாரும் எண்ண வேண்டாம். வெதுப்பகத்தில் பாண் வாங்கி, உந்துருளியில் போய், குளிர்களி தின்ற ஊர் இது. ‘இறுவட்டு’ என்ற சொல்லை இன்றும் விரும்பி எழுதுகிறேன். ப்ளூ-ரேயை மட்டும் ‘நீலக்கதிர்’ ஆக்க மாட்டேன். அது வணிகப் பெயர். பெயராகப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்திலேயே நீலத்தின் வாலில் ஓர் எழுத்தை அறுத்துவிட்டார்கள். அதன் 405 நானோமீட்டர் கதிரும் நீலத்தைவிட ஊதாவுக்கே கிட்ட.

சரி, எது சொல்? ‘மறுபதிப்பு’ பொய் இல்லை. ஆனால் இருந்த அச்சிலேயே இன்னும் ஆயிரம் படி அடித்தாலும் அது மறுபதிப்புத்தான். ‘மெருகேற்றல்’ பொற்கொல்லரின் சொல், மேற்பரப்பை மினுக்குவதோடு நின்றுவிடும். நான் எழுதுவது மீட்பு: ‘சுருளிலிருந்து மீட்ட பதிப்பு’. அடகு வைத்த தாலிக்கொடியை மீட்கிறோம். வருவது அதே கொடி. புதுக்கொடி வந்தால் சண்டை. மீள் தன்வினை, மீட்பு பிறவினை. மீட்பவர் ஒருவர் உழைத்திருக்கிறார் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பத்திரிகைத் தலைப்புகளில் தினமும் கேரளக் கஞ்சா மீட்பு வருகிறதே, தேவாலயத்தில் மீட்பர் இருக்கிறாரே என்றால், இருக்கட்டும். அங்கும் ஏற்கெனவே உள்ளதைத்தான் எடுக்கிறார்கள்.

இன்னொரு சொல்லும் வேண்டும். அதில்தான் வாங்குபவரின் காசு தங்கியிருக்கிறது. எல்லாத் தொடரும் சுருளில் இல்லை. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ அந்தக் காலத்தில் பெரும்பாலும் அரங்கில் வீடியோ நாடாவிலேயே பதிவானது. 1970இல் வந்த ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ என்ற ஒரு கதை மட்டும், அரங்கில் நடந்த வேலைநிறுத்தத்தின் தயவால், முழுவதுமாக 16 மில்லிமீட்டர் சுருளில் எடுக்கப்பட்டது. அதனால் 2013இல் அதை உண்மையான உயர் தெளிவில் ப்ளூ-ரேக்குக் கொண்டுவர முடிந்தது. பின்னர் பருவம் பருவமாக வந்த பெட்டிகளில், நாடாவில் மட்டுமே இருந்த காட்சிகளின் 576 வரிகளைக் கணினி 1080 ஆக விரித்திருக்கிறது. ஸ்டார் ட்ரெக்கிலும் சுருள் அகப்படாத சில கணங்களுக்கு இதே வேலைதான். இதையும் ‘மீளுருவாக்கம்’ என்றே எழுதுகிறார்கள். இரண்டு வேறு தொழிலுக்கு ஒரே சொல்.

நமது ஸ்டூடியோக்காரர்களிடம் இதற்குச் சொல் இருக்கிறது: பெருப்பித்தல். யுத்தம் முடிந்த பிறகு அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுபோய், மாலை போடும் அளவுக்குப் பெருப்பித்துத் தரும்படி கேட்காத வீடு இங்கே குறைவு. முத்திரை அளவுப் படம் சுவரளவுக்கு வரும்போது, புருவத்தில் மயிர் மயிராகக் கோடு இருக்கும், சட்டைக் கழுத்துக்கு மடிப்பு வந்திருக்கும். அவை அந்த அட்டையில் இருந்தவை அல்ல, ஸ்டூடியோக்காரர் போட்டவை. குடும்பத்துக்கு அது தெரியும், அவரும் மறைப்பதில்லை. சிட்டையில் ‘பெருப்பித்தது’ என்றே எழுதிக் காசு வாங்குகிறார்.

பெருப்பித்தல் நாட்டுப்புறத்துப் பேச்சு, வட்டின் உறையில் போட அழகில்லை என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னிடம் மூக்கைச் சுளித்தார். அவர் பரிந்துரைத்தது ‘மீளளவாக்கம்’.