செரிஃப் – முனைக்கீற்று: ஒரு சொல் விளக்கம்

எழுத்துருக்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் சிலவற்றில், ஆங்கில எழுத்தின் கோட்டு முனைகளில் வரும் குறுங்கோடான ‘செரிஃப்’ என்பதை ‘வால்’ என்றும், அது உள்ள எழுத்துருவை ‘வாலெழுத்து’ என்றும், இல்லாததை ‘வாலில்லா எழுத்து’ என்றும் பெயர்த்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுத்துக்கொண்டிருந்த இந்தப் பெயர்ப்பு, பாஸ்கர்வில் என்னும் ஆங்கில எழுத்துருக் குடும்பத்தின் வரலாற்றைத் தமிழில் சொல்ல முயன்ற ஒரு மொழிபெயர்ப்பில் எல்லை மீறிவிட்டது. அவ்வெழுத்துருவின் செரிஃபுகள் கூர்மையானவை என்று வரவேண்டிய இடத்தில், அதன் வால்கள் கூர்மையானவை என்றிருந்தது. பாஸ்கர்விலை ஒருமுறையேனும் உற்றுப் பார்த்தவருக்கு ‘வால்’ என்றதும் நினைவுக்கு வருவது அதன் பெரிய ‘க்யூ’ எழுத்து மட்டுமே. வட்டத்தின் அடியிலிருந்து புறப்பட்டு வலப்பக்கமாக நீண்டு நெளியும் அந்த வால்தான் அவ்வெழுத்துருவின் முகவரி. மொழிபெயர்ப்பாளர் சொல்ல வந்ததும் வாசகர் புரிந்துகொண்டதும் இரு வேறு உறுப்புகள்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்த்துவிடலாம். உரோமன் எழுத்தின் தண்டோ (நிமிர்ந்த கோடு) கையோ (பக்கவாட்டில் நீளும் கோடு) முடியும் இடத்தில், அதற்குக் குறுக்காகவோ சற்றுச் சாய்ந்தோ அமையும் குறுங்கோடு செரிஃப் ஆகும். ‘எச்’ என்னும் பெரிய எழுத்தின் இரு தண்டுகளுக்கும் தலையில் இரண்டு, அடியில் இரண்டு என அவற்றைக் காணலாம். கோடு என்று பொருள்படும் ‘ஸ்க்ரேஃப்’ என்னும் டச்சுச் சொல்லிலிருந்து இது வந்தது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. அச்சொல்லுக்கு எழுதுவதைக் குறிக்கும் டச்சு வினையோடும், அதன்வழி ‘ஸ்கிரிபெரே’ என்னும் இலத்தீன் வினையோடும் உறவு சொல்வார்கள். 1813இல் வில்லியம் ஹாலின்ஸ் எழுதிய நூலில் இது ‘சர்ரிப்சஸ்’ என்ற விசித்திர வடிவில் வருகிறது. பெயரில்லாமலேயே உரோமன் எழுத்துகள் பல நூற்றாண்டுகளாக இந்தக் கோட்டைச் சுமந்து வந்தன. 1816இல் இங்கிலாந்தின் அச்செழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் கேஸ்லன் அது இல்லாத அச்செழுத்தைத் தம் மாதிரி நூலில் காட்டி, 1832இல் மற்றொரு வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் அத்தகைய எழுத்துக்கு ‘சான்ஸ் செரிஃப்’ என்று பெயரிட்ட பின்புதான், இல்லாததைச் சுட்டவேண்டி இருப்பதன் பெயரும் பரவியது. ‘சான்ஸ்’ என்பது ‘இல்லாமல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். தமிழில் எழுதும்போது அது வாய்ப்பைக் குறிக்கும் ‘சான்ஸ்’ போலவே தோன்றி, எழுத்துருவுக்கு ஏதோ அதிர்ஷ்டம் அடித்ததுபோல் ஒலிப்பது தனித் தொல்லை.

இனி வாலுக்கு வருவோம். வால் என்பது உடலின் ஒரு முனையில், பின்புறமாக அல்லது கீழ்ப்புறமாகத் தொங்குவது. தலையில் வால் முளைத்த பொருளைத் தமிழ் இதுவரை கண்டதில்லை. செரிஃபோ தண்டின் தலையிலும் இருக்கும், அடியிலும் இருக்கும். ‘இ’ என்னும் பெரிய ஆங்கில எழுத்தின் கைகளில் நுனியிலும் இருக்கும். பெரும்பாலான இடங்களில் தண்டின் இரு பக்கமும் ஒப்ப நீளும். தொங்குவது, ஒருபக்கமாவது, பின்னால் வருவது என்னும் வாலின் மூன்று இயல்புகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. சின்னதாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே ஒற்றுமை. அந்த ஒற்றுமையை வைத்துப் பெயரிடுவதானால் மூக்கையும் வால் என்று சொல்லலாம்.

இதைவிடப் பெரிய குறை, ‘வால்’ என்னும் பெயர் எழுத்தமைப்புக் கலையில் ஏற்கெனவே வேறோர் உறுப்புக்கு உரியது என்பதாகும். க்யூவின் நீட்சியை ஆங்கிலமும் வால் என்றே அழைக்கிறது, தமிழிலும் அப்படி அழைப்பதே இயல்பு. எழுத்துரு வடிவமைப்பாளர் சூசானா லிச்கோ 1996இல் பாஸ்கர்விலைத் தழுவி ‘மிஸஸ் ஈவ்ஸ்’ என்னும் எழுத்துருவை வரைந்தார். மூல எழுத்துருவை உருவாக்கிய ஜான் பாஸ்கர்வில்லின் இல்லத்தைக் கவனித்து வந்து பின்னர் அவர் மனைவியான சேரா ஈவ்ஸின் பெயர் அது. அதற்குத் துணையாக, செரிஃப் இல்லாத ‘மிஸ்டர் ஈவ்ஸ்’ 2009இல் வந்தது. அதிலும் க்யூவுக்கு வால் உண்டு. வாலை வெட்டினால் அது ‘ஓ’ ஆகிவிடும். ஆக, ‘வாலில்லா எழுத்துருவின் வால்’ என்று எழுதவேண்டிய நிலைக்கு இந்தப் பெயர்ப்பு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தன் முதல் தொடரிலேயே தன்னோடு முரண்படும் கலைச்சொல்லைத் தமிழ்ச்சொல் என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்வது, தமிழுக்குச் செய்யும் உதவியாகாது.

வாலை விட்டுவிட்டுக் ‘கால்’ அல்லது ‘பாதம்’ எனலாம் என்பவர்களும் உண்டு. பிற மொழிகளில் இதற்கு ஆதரவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பாதம் ஊன்றுதலைக் குறிக்கும் ‘ஆம்பாத்மான்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், ஜெர்மானியர்கள் செல்லமாகக் ‘குட்டிக்கால்’ என்பார்கள். ஆனால் தமிழில் எழுத்தின் உறுப்புகளுக்கு நம் பள்ளிக்கூடத்துத் திண்ணையிலிருந்தே பெயர்கள் இருக்கின்றன: துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு, சுழி. ‘காலுள்ள எழுத்து’ என்றால் கா, சா, தா என்றுதான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். கொம்புக்கும் இதே தடைதான். உள்ளூரில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று பாராமல், அயல்மொழி உருவகத்தை மட்டும் தூக்கிவருவது இன்றைய கலைச்சொல் ஆக்கத்தின் பொதுநோய்.

செரிஃப் உள்ள எழுத்தை ‘அலங்கார எழுத்து’ என்பதோ பிழையான கருத்தையே விதைக்கிறது. உரோமில் 113இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டை ஆராய்ந்த எட்வர்ட் கேட்டிச், எழுத்துகள் முதலில் தட்டைத் தூரிகையால் கல்லில் தீட்டப்பட்டுப் பிறகே செதுக்கப்பட்டன என்றும், தூரிகை கோட்டை முடிக்கும் அசைவிலேயே செரிஃப் பிறந்தது என்றும் 1968இல் நூலெழுதி வாதிட்டார். அவர் கொள்கையின்படி அது பின்னால் ஒட்டவைத்த அணியன்று, எழுத்தை எழுதி முடிக்கும் செயலின் பகுதி. ஸ்பானிய மொழி இதனை ‘முடிப்பு’ என்னும் பொருளில் ‘ரெமாத்தே’ என அழைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கலைச்சொல்லின் தகுதியைத் தனிச்சொல்லாக வைத்து அளக்கக்கூடாது. ஒரு வரலாற்றை அதைக் கொண்டு சொல்ல முடிகிறதா என்று பார்க்கவேண்டும். பாஸ்கர்வில் குடும்பமே அதற்கு ஏற்ற உரைகல். ஜான் பாஸ்கர்வில் பர்மிங்காமில் கையெழுத்துப் பயிற்றுவித்தவர், கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியவர், பிறகு மெருகெண்ணெய் பூசிய பொருள்கள் செய்து செல்வம் சேர்த்தவர். அந்தச் செல்வத்தைக் கொட்டி, ஜான் ஹேண்டி என்னும் செதுக்குநரைக் கொண்டு எஃகு முளைகளில் (அச்செழுத்து வார்க்கும் அச்சுக்கு மூலமான எழுத்து செதுக்கிய கம்பிகளில்) தம் எழுத்துகளை வெட்டுவித்து, 1757இல் உரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலை அச்சிட்டார். அதுவரை இங்கிலாந்தில் கோலோச்சிய, முன்னர்ச் சொன்ன கேஸ்லனின் முன்னோரான முதலாம் கேஸ்லனின் எழுத்துகளில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு குறைவு. அவற்றின் செரிஃபுகள் தடித்தவை, தண்டோடு பெரிய வளைவால் இணைந்தவை. பாஸ்கர்வில் அந்த வளைவைக் குறைத்தார், செரிஃபைத் தட்டையாக்கிக் கூராக்கினார், தடிப்பும் மெலிவும் பளிச்சென்று பிரியும்படி செய்தார். இந்த மெல்லிய கோடுகள் சிதையாமல் பதிய, வழவழப்பான தாளும் கருமை மிகுந்த மையும் தேவைப்பட்டன. அச்சிட்ட தாள்களைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்தினார். எழுத்துகள் மெலிந்து கண்ணை உறுத்துவதாகப் பழித்த ஒருவரிடம், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கேஸ்லனின் மாதிரித் தாளைத் தலைப்பைக் கிழித்துவிட்டுப் பாஸ்கர்விலுடையது என்று காட்ட, அவர் அதிலும் அதே குறைகளைக் கண்டுபிடித்துக் காட்டிய கதையை ஃபிராங்க்ளினே 1760 வாக்கில் பாஸ்கர்விலுக்குக் கடிதத்தில் எழுதினார்.

அச்செழுத்து வடிவமைப்பாளர்களான பாரிஸின் டீடோவும் பார்மாவின் பொடோனியும் அதே வழியில் மேலும் சென்று, இணைப்பு வளைவே இல்லாத மயிரிழை போன்ற செரிஃபை உருவாக்கினார்கள். 1775இல் பாஸ்கர்வில் இறந்த பின், அவர் மனைவி அவருடைய அச்சுக்கருவிகளைப் பிரெஞ்சு நாடகாசிரியர் பூமார்ஷேவுக்கு விற்றார். வோல்த்தேரின் முழுத்தொகுப்பு ரைன் கரையிலுள்ள கேல் நகரில் அவ்வெழுத்துகளால் அச்சானது. இங்கிலாந்து மறந்த அவற்றை 1917 வாக்கில் அமெரிக்கரான புரூஸ் ரோஜர்ஸ் மீண்டும் கண்டெடுத்துப் போற்ற, 1923இல் மோனோடைப் என்னும் அச்செழுத்து நிறுவனம் அவற்றின் மறுவடிவத்தை வெளியிட்டது. மூல முளைகள் 1953இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு வந்துசேர்ந்தன. கணினிக்காக வரைந்த பதிப்புகள் பலவற்றில் கோடுகள் அளவுக்கு மீறி மெலிந்துவிட்டன. மை பரவித் தடிக்கும் அச்சுப்பதிவின் இதத்தை மீட்கவே லிச்கோ மிஸஸ் ஈவ்ஸில் அந்த மெலிவைக் குறைத்தார்.

இந்த வரலாறு முழுவதும் செரிஃபின் தடிப்பு, கூர்மை, இணைப்பு ஆகியவற்றின் வரலாறே. இதை வாலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: தட்டை வால், மயிரிழை வால், வளைந்திணைந்த வால், பட்டை வால். விலங்குக் காட்சிச்சாலையின் பெயர்ப்பலகைபோல் ஆகிவிடுகிறது.

நான் முன்வைப்பது ‘முனைக்கீற்று’. ஊறு என்பதிலிருந்து ஊற்றும், பாடு என்பதிலிருந்து பாட்டும் பிறப்பதுபோல, கீறு என்பதிலிருந்து கீற்று பிறக்கிறது. கீறி உண்டான மெல்லிய கோடு, வரி என்பது அதன் பொருள். பிறைக்கீற்று, ஒளிக்கீற்று, நெற்றியில் இடும் சந்தனக்கீற்று எல்லாம் வழக்கில் உள்ளவை. ‘முனை’ இடத்தைச் சொல்கிறது, ‘கீற்று’ வடிவத்தைச் சொல்கிறது. அது தலையா அடியா, ஒருபக்கமா இருபக்கமா என்பதில் இச்சொல் வாய் திறப்பதில்லை, திறக்கவும் வேண்டியதில்லை. டச்சுச் சொல்லும் கோட்டையே குறிப்பதால் மூலப்பொருளும் பிசகவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறியே எழுதிய மொழிக்கு இந்த வேர் அந்நியமும் ஆகாது. தென்னங்கீற்றோடு குழம்பும் என்று ஒரு நண்பர் மறுத்தார். முன்னால் ‘முனை’ நிற்கும்வரை கூரை வேய யாரும் வரமாட்டார்கள். முதல்முறை முழுச்சொல்லையும் எழுதிவிட்டுப் பின்னர்க் கீற்று என்று சுருக்கிக்கொள்ளலாம். மயிரிழைக் கீற்று, பட்டைக் கீற்று, வளைவிணைந்த கீற்று, கீற்றிலா எழுத்துரு என்று தொடர்கள் தடையின்றிப் பிறக்கின்றன. பாஸ்கர்வில்லின் கீற்றுகள் கேஸ்லனுடையவற்றைவிடக் கூரியவை என்று எழுதினால் க்யூவின் வால் குறுக்கே வருவதில்லை.

‘செரிஃப்’ என்றே எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தவறான தமிழ்ச்சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல் என்றே கருதுகிறேன். தூய்மை வேண்டுமென்று ஆய்தத்தை நீக்கிச் ‘செரிபு’ என எழுதுவோர் பக்கம் மட்டும் நான் இல்லை. அது தமிழாகவும் ஆகாமல், கேட்டவருக்கு விளங்கவும் செய்யாமல் நடுவில் நிற்கிறது. இந்தத் துறையில் சொல்லாக்கம் எவ்வளவு சோம்பிக் கிடக்கிறது என்பதற்கு ‘எழுத்துரு’ என்னும் சொல்லே சான்று. ஒரு குடும்பம் முழுவதையும், அதன் தடித்த வடிவத்தையும், கணினிக் கோப்பையும், தனியொரு எழுத்தின் உருவத்தையும் அந்த ஒரே சொல்லால் குறித்துவிட்டு நகர்கிறார்கள். பாஸ்கர்வில் ஒரு குடும்பம், அதன் சாய்வெழுத்து அக்குடும்பத்தின் ஓர் உறுப்பு என்று பிரித்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பொறுமை வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ போன்ற தமிழ் எழுத்துருப் பெயர்களைக் கண்டு, தமிழெழுத்திலும் முனைக்கீற்று இருப்பதாக எண்ணக்கூடாது. அங்கே அப்பெயர் குறிப்பது, அதே தொகுதியிலுள்ள உரோமன் கீற்றெழுத்தோடு ஒத்துப்போகும்படி தடிப்பும் மெலிவும் வேறுபடத் தமிழ் வரையப்பட்டிருப்பதை. விற்பனைப் பெயராதலால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் விளக்கும்போது அதனைக் ‘கீற்றுள்ள தமிழ்’ என்று எழுதாமல், ‘தடிப்பு வேறுபாடுள்ள தமிழ்’ என்று எழுதுவதே முறை.